ஆறு விநாடி எண்ணிக்கை

பிறந்த குழந்தை வீறிட்டு அழுதுவிட்டால் பிரசவ அறையே நிம்மதியாகிவிடும். துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டும் அழவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், உடனே நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார்கள். 6 விநாடி எண்ணி, வந்ததைப் பத்தால் பெருக்கினால் நிமிடத் துடிப்பு. கேட்பவர், சத்தத்துக்கு ஏற்ப விரலால் மேசையில் தட்டிக்காட்டுவதும் உண்டு. மற்றவர்களுக்கும் வேகம் தெரிந்துவிடும்.

மூச்சு வரவில்லை என்றால் ஏன் இதயத்தைக் கேட்க வேண்டும்? கருப்பையில் குழந்தையின் நுரையீரல் முழுக்க நீர்தான். ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வந்தது. பிறந்ததும் அந்த நீர் விலகி, காற்று நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் ஆக்சிஜன் குறைந்து, நல்ல இதயமும் தளர்ந்து மெதுவாகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கோளாறு இதயத்தில் இல்லை, நுரையீரலில்தான். அதனால் துடிப்பு 100-க்குக் கீழே இருந்தால் முதல் வைத்தியம், முகத்தில் மாஸ்க்கைப் பொருத்திக் காற்றைச் செலுத்துவது. காற்று உள்ளே போகிறது என்பதற்கு முக்கியமான அடையாளமும் அந்தத் துடிப்பு ஏறுவதுதான். 30 விநாடி சரியாகக் காற்று கொடுத்தும் 60-ஐத் தாண்டவில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள்: மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு.

இத்தனை முடிவுகளும் ஓர் எண்ணை நம்பியிருக்க, அந்த எண்ணோ தவறிவிடக்கூடியது. 6 விநாடியில் ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டாலும் கணக்கில் 10 குறையும். தொப்புள்கொடியைத் தொட்டு எண்ணுவது இதைவிட மோசம். உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் தோலுக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பெருகி வடிவதைப் பார்க்கிறது. அதை வலது கையில்தான் கட்டுவார்கள். இதயத்திலிருந்து மூளைக்குப் போகும் ரத்தத்தின் நிலையை அந்தக் கைதான் சரியாகச் சொல்லும். (முதல் நிமிடத்தில் ஆக்சிஜன் அளவு 60–65 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம். அந்த வயதுக்கு அது இயல்பு.) ஆனால் ஒரு நிலையான எண் வருவதற்கே ஓரிரு நிமிடம் ஆகலாம், ரத்த ஓட்டம் பலவீனமான குழந்தைக்கு இன்னும் தாமதம். அவசரம் அதிகமுள்ள குழந்தையிடம்தான் கருவி திணறுகிறது.

நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி இதயத்தின் மின்துடிப்பைப் படிக்கும் ஈசிஜி இதைவிட வேகம். 2015-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்களுக்குப் பிறகு பிரசவ அறைகளில் அதன் பயன்பாடு கூடியது. தொல்லை வேறு இடத்தில்: பிறந்த உடம்பில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சில் ஸ்டிக்கர் வழுக்கும், அழுத்தித் துடைத்துத்தான் ஒட்ட வேண்டும். இன்னொன்று, ஈசிஜி காட்டுவது மின்சாரத்தைத்தான், ரத்த ஓட்டத்தை அல்ல. தசை சுருங்காமல் மின்துடிப்பு மட்டும் ஓடும் நிலையும் உண்டு. திரையில் 80 என்று ஓடிக்கொண்டிருக்க, குழந்தை வெளிறித் துவண்டு கிடந்தால், திரையை விட்டுவிட்டு மறுபடியும் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்கிறார்கள்.