தின்னாத பூவும் தெளித்த மருந்தும்

“பூவ யாரு அண்ணாச்சி திங்கப் போறா?”

தோட்டக்கலை ஆலோசகராகச் சங்கரன்கோவில், மானூர் பக்கத்துப் பிச்சித் தோட்டங்களுக்குப் போய்வரும் எனக்கு, மருந்தின் அளவைப் பற்றிப் பேச்செடுத்தாலே கிடைக்கும் பதில் இதுதான். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. நம் நாட்டில் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கு வரம்பு வகுத்திருப்பது உணவுப் பொருள்களுக்கே என்பதால், கத்தரிக்காய்க்கு நடக்கும் பெயரளவுச் சோதனைகூடப் பூக்கூடைக்குக் கிடையாது.

பிச்சியும் மல்லிகையும் மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டிய பூக்கள். பூப்புக் காலத்தில் ஒருநாள் விட்டாலும் அன்றைய வரவு போயிற்று. மருந்து டப்பாவின் சீட்டில், தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். பருவத்துக்கு ஒருமுறை அறுக்கும் நெல்லுக்கு அது சரிதான். மாலையில் மருந்து அடித்துவிட்டு மறுநாள் விடியுமுன் கூடை ஏந்தும் தோட்டத்தில் அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

மொட்டைக் குடையும் புழுவுக்கு இங்கே பல ஆண்டுகள் அடிக்கப்பட்டது மோனோகுரோட்டோபாஸ். காய்கறிகளில் அதன் பயன்பாட்டுக்கு 2005-லேயே தடை வந்துவிட்டது. மல்லிகை காய்கறி அல்லவே! அதன் 36 சதவீதத் திரவ மருந்துக்கு எல்லாப் பயிரிலும் தடை விதிக்கும் ஆணை மத்திய அரசிடமிருந்து வர 2023 ஆகிவிட்டது. பறவைகளுக்கு அது எத்தகைய நஞ்சு என்பதை 1995-96-இல் அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்த வலசைப் பருந்துகள் அதற்கு வெகு முன்பே காட்டியிருந்தன. வலசைப் பறவைகள் வந்திறங்கும் கூந்தன்குளத்தை வைத்துக்கொண்டு, குளத்துக்கு நீர் கொண்டுசெல்லும் ஓடையிலேயே தெளிப்பான் டேங்கைக் கழுவுகிறவர்களைக் காணும்போது எனக்குக் கோபம் வருவதுண்டு.

பூப்பறிக்கும் பெண்கள் கையுறை போடுவதில்லை; போட்டால் மொட்டைக் கிள்ள வராது என்பார்கள், அது உண்மையும்கூட. மோனோகுரோட்டோபாஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவும் உடம்பில் ஏறி, நரம்பின் சமிக்ஞையை அடக்கும் நொதியை முடக்கிவிடுவதால் வியர்வை, எச்சில் ஊறல், குமட்டல், தசைத் துடிப்பு ஆகியவை தோன்றும். ‘வெறும் வயிற்றில் வேலை பார்த்த மயக்கம்’ என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அது.

மொட்டு ஊதா நிறமாகிக் காய்ந்தால் அது பூ ஈயின் வேலை. அதன் கூட்டுப்புழுப் பருவம் மண்ணுக்குள் கழிவதால், தூரைக் கொத்திக் கிளறிவிடுவதும் கெட்ட மொட்டுகளைக் கீழே உதிர்க்காமல் பொறுக்கி அழிப்பதும், மேலே அடிக்கும் மருந்தால் ஆகாத காரியத்தைச் செய்யும். புழுவுக்கு விளக்குப்பொறியும், ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறும் இருக்கின்றன. பத்து லிட்டர் டேங்குக்கு அரைக்கிலோ கொட்டைப் பருப்பு. ரசாயன மருந்து தவிர்க்க முடியாத வாரத்தில், பாத்தி பாத்தியாகப் பிரித்து அடித்து, டப்பாச் சீட்டிலுள்ள நாள்கள் கழியும்வரை அடித்த பாத்தியின் மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிடச் சொல்கிறேன். நஷ்டந்தான், மறுக்கவில்லை.

முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டவர், இரண்டு பாத்தியில் அப்படிச் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். காலி மருந்து டப்பாவைக் கழுவி, பம்புசெட்டுத் தொட்டியில் தண்ணீர் மோந்து குடிக்க வைத்திருப்பதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.