பிசுபிசுப்பு போனால்தான் அது மாஸ்டர்

கோவையில் நகை வார்ப்புக்கு மாஸ்டர், அதாவது அச்செடுக்க வைக்கும் மூல உருப்படி, செய்து கொடுப்பது என் தொழில். வெள்ளியை அறுத்து, அரம் போட்டு, பொடி வைத்து ஒட்டிச் செய்ய நாலைந்து நாள் பிடித்த உருப்படியை இப்போது ரெசின் 3டி பிரிண்டர் ஒரே இரவில் இறக்கிவிடுகிறது. புதிதாக மெஷின் வாங்குபவர்கள் எந்த மாடல், எத்தனை கே ஸ்கிரீன் என்று விசாரிப்பார்கள். "பிரிண்ட் முடிந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "கழுவிடுவோம்ணா" என்பார்கள். நான் பார்த்தவரை வேலை கெடுவது பெரும்பாலும் அந்தக் கழுவலில்தான்.

தொட்டியில் இருக்கும் திரவ ரெசினை 405 நானோமீட்டர் ஒளி அடுக்கடுக்காக இறுக்குகிறது. நகைக்கு அடுக்கு 25 முதல் 50 மைக்ரான் வைக்கலாம். வெளியே வரும்போது உருப்படி கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் அதன் மேலும் இடுக்குகளிலும் இறுகாத ரெசின் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆரம்பத்தில் ஒரு மயில் ஜிமிக்கிக்கு அச்செடுக்க பிளாட்டினம் வகை சிலிக்கான் ரப்பர் ஊற்றினேன். மறுநாள் அச்சைப் பிரித்தால் வெளிப்பக்கம் அருமையாக இறுகியிருந்தது. தோகைக் கோடுகளுக்குள் மட்டும் தேன் மாதிரி வழிந்தது. கலவை அளவில் தப்பு என்று நினைத்துப் புது டப்பா வாங்கினேன். அதிலும் அப்படியே. சிலிக்கான் மேல் குற்றமில்லை. சிலிக்கானை இறுக வைப்பது அதிலுள்ள பிளாட்டினம்; கழுவாமல் விட்ட ரெசின் அதை வேலை செய்ய விடாது. டின் வகை சிலிக்கான் இவ்வளவு முரண்டு பிடிக்காது, ஆனால் சுருக்கம் கூடுதல்.

இப்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு குளியல். முதலாவது அழுக்குக்கு, இரண்டாவது எப்போதும் புதிது. கோடுகளுக்குள் மெல்லிய பிரஷ் போகும். ரொம்ப நேரம் ஊறவிட்டால் உருப்படி உப்பி வெடிக்கும், அதனால் சில நிமிடங்கள்தான். அப்புறம் ஆல்கஹால் முழுதும் காய வேண்டும். ஈரத்தோடு யூவி விளக்கில் வைத்தால் பிசுபிசுப்பு அப்படியே நின்றுவிடும். திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் இறுக்கிய பிறகும், அதே ரெசினில் எடுத்த ஒரு துண்டின் மேல் ரெண்டு சொட்டு சிலிக்கான் விட்டுப் பார்க்காமல் அச்சு ஊற்றுவதில்லை.

சூட்டில் அழுத்தும் ரப்பர் டைக்கு சாதாரண ரெசின் தாங்காது. 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் இளகி நெளிந்துவிடும். சூடு தாங்கும் ரெசின் வேண்டும், இல்லையென்றால் ஒரு முறை வெள்ளியில் வார்த்து, மெருகேற்றி, அதை மாஸ்டராக வையுங்கள்.

அச்சு எடுக்காமல் பிரிண்டையே நேரடியாக வார்ப்பதென்றால் அதற்கென்று விற்கும் காஸ்டபிள் ரெசின் மட்டும்தான். மெழுகு உருகி ஓடிவிடும். ரெசின் உருகாது, சூட்டில் உப்பி, அப்புறம்தான் எரியும். மெழுகுக்குப் பழகிய சூளைக் கணக்கையே வைத்தால் பிளாஸ்க் என்னும் வார்ப்புக் குழாய்க்குள் ஊற்றிய அச்சு மாவு விரிசல் விடும், சாம்பல் நின்று உலோகத்தில் ஓட்டை விழும். ரெசினோடு வரும் சூட்டு அட்டவணைப்படிதான் போக வேண்டும். சரியாக இறுகாத உருப்படி இங்கேயும் வேலையைக் கெடுக்கும்.

அச்சு போனால் வேறு ஊற்றலாம். கை போனால்? முதல் சில மாதம் வெறுங்கையில்தான் வேலை பார்த்தேன். விரலிடுக்கில் அரிப்பில் தொடங்கி, தோல் உரிந்தது. ரெசினிலிருக்கும் அக்ரிலேட்டால் வந்த ஒவ்வாமை என்றார் டாக்டர். ஒருமுறை வந்தால் பொதுவாக விட்டுப் போகாது. இன்றும் ஒரு துளி பட்டால் கை காட்டிக்கொடுத்துவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள், லேடெக்ஸ் போதாது. போட்ட கையுறையோடு போனைத் தொடாதீர்கள், சாயங்காலம் அதே போன் கன்னத்துக்குப் போகும்.

நம் பட்டறைகளில் ஊதுவிளக்கும் சூளையும் ஒரே அறையில் இருக்கும். ஆல்கஹால் குளியலை அங்கே வைக்கவே கூடாது, காற்றோட்டமான வேறு இடம் பாருங்கள். பழைய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாமல், கண்ணாடி ஜாடியில் மூடி வெயிலில் வைத்தால் கரைந்த ரெசின் இறுகி அடியில் படியும். வடிகட்டினால் தெளிந்தது முதல் குளியலுக்கு மறுபடி ஆகும்.