வெளிநாட்டில் கார்டு தேய்க்கிறீர்களா? ரேட்டை விட மார்க்கப்பைப் பாருங்கள்

வெளிநாடு கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "விசாவில் ரேட் நல்லதா, மாஸ்டர்கார்டிலா?" என்பதுதான். இரண்டு நிறுவனங்களும் அன்றன்றைய ரேட்டைத் தங்கள் இணையதளத்தில் கால்குலேட்டரோடு வைத்திருக்கின்றன. ஒரே தேதிக்கு ஒரே கரன்சியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 1 சதவீதம்கூட வித்தியாசம் இருக்காது. இன்று ஒன்று முந்தும், நாளை மற்றொன்று. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் தனி ரகம். ரேட்டைத் தானே வைக்கும், அமெரிக்க டாலர் அல்லாத கரன்சியை அந்த டாலர் வழியாகத்தான் ரூபாயாக்கும். ஆனால் பணம் கரைவது ரேட்டில் இல்லை, அதற்கு மேல் வங்கி சதவீதக் கணக்கில் ஏற்றும் கூடுதல் கட்டணமான மார்க்கப்பில்.

இந்தியக் கிரெடிட் கார்டுகளில் மிகப் பரவலான மார்க்கப் 3.5%. அதன் மேல் 18% ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13%. கொஞ்சம் உயர்ரக கார்டுகளில் 2%, ஜிஎஸ்டியோடு 2.36%. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் உண்டு. சிங்கப்பூரில் 500 சிங்கப்பூர் டாலர் ஹோட்டல் பில் என்று வையுங்கள். கணக்குக்காக ஒரு டாலர் 70 ரூபாய். நெட்வொர்க் ரேட்டில், அதாவது விசாவோ மாஸ்டர்கார்டோ வைக்கும் ரேட்டில், 35,000 ரூபாய். 3.5% கார்டில் மார்க்கப் 1,225, ஜிஎஸ்டி 220.50, ஆக 36,445.50. 2% கார்டில் 35,826.

கால்குலேட்டரில் வங்கிக் கட்டணத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். பலர் அதை 0 என்று விட்டுவிட்டு, பிறகு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து வங்கியைத் திட்டுகிறார்கள். அதில் 4.13 என்று ஜிஎஸ்டியையும் சேர்த்துப் போடுங்கள். தேதியிலும் ஒரு சிக்கல்: கார்டைத் தேய்த்த நாளும் கணக்கில் பதிவாகும் நாளும் ஓரிரு நாள் தள்ளி இருக்கலாம், எஸ்எம்எஸ்ஸில் வந்த ரூபாய்த் தொகை கடைசித் தொகை அல்ல.

பதிவான பிறகு, ரூபாய்த் தொகையை வெளிநாட்டுத் தொகையால் வகுத்துப் பாருங்கள். 35,000-ஐ 500-ஆல் வகுத்தால் 70 வருகிறதே, மார்க்கப் போடவில்லை என்று மகிழ வேண்டாம். சில வங்கிகள் மார்க்கப்பையும் ஜிஎஸ்டியையும் தனித்தனிப் பதிவுகளாக, மாதக் கடைசியில் மொத்தமாகப் பதிகின்றன. அந்தத் தொகைகளையும் கூட்டிய பிறகு வருவதுதான் உண்மையான ரேட்.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை டிசிசி (டைனமிக் கரன்சி கன்வர்ஷன்), அதாவது கடையிலேயே ரூபாயாக மாற்றிக் கட்டுவது. கடையின் மெஷின் உங்கள் கார்டு இந்திய கார்டு என்று கண்டுகொண்டு, "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று திரையில் இரண்டு தொகையைக் காட்டும். தெரிந்த கரன்சியாயிற்றே என்று ரூபாயை அழுத்திவிடுவோம். அங்கே ரேட்டை வைப்பது விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடைக்காரரின் வங்கியும் இடையில் இருக்கும் சேவை நிறுவனமும். கடைக்கும் அதில் பங்கு கிடைப்பதுண்டு, அதனால்தான் சில கவுன்டர்களில் அவ்வளவு அன்பாகக் கேட்கிறார்கள். அதே 500 டாலருக்கு 6% ஏற்றினால் 37,100. ரூபாயில் கட்டியதால் இங்கே மார்க்கப் இருக்காது என்றும் நினைக்காதீர்கள். கடை வெளிநாட்டில் இருப்பதால் பல வங்கிகள் இதற்கும் 1% வாக்கில் எடுக்கும். 371 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 66.78. மொத்தம் 37,537.78.

எனவே எப்போதும் உள்ளூர் கரன்சியையே அழுத்துங்கள். உங்களைக் கேட்காமல் கடைக்காரர் ரூபாயை அழுத்திவிட்டால், சிலிப்பில் ரூபாய்த் தொகை தெரியும். கையெழுத்துப் போடாமல், அங்கேயே ரத்து செய்து மறுபடி தேய்க்கச் சொல்லுங்கள். கேட்காமல் மாற்றுவது நெட்வொர்க் விதிப்படி தவறு. சிலிப் கையில் இருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட் (பரிவர்த்தனையை எதிர்த்துப் புகார்) போடலாம். ஹோட்டல் செக்-இன் படிவத்தில் "கார்டின் கரன்சியில் பில் செய்யவும்" என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். கன்வர்ஷன் வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும். ஆனால் கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் எடுக்காமல் இருப்பதே உத்தமம்: மார்க்கப் போக தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி.

வீட்டிலிருந்தே வாங்கும்போதும் இது நடக்கும். விலை ரூபாயில் இருந்தாலும், பணம் பெறும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதென்றால் அந்த 1% வரலாம்.

மார்க்கப் இல்லாத கார்டு எல்லோருக்கும் லாபமா? ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 1,179. 3.5% கார்டோடு ஒப்பிட்டால், வருடத்துக்குச் சுமார் 28,500 ரூபாய்க்கு மேல் வெளிநாட்டில் செலவழித்தால்தான் கட்டணம் திரும்பும். கட்டணமே இல்லாத கார்டு கிடைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம். ரிவார்டு பாயின்ட்டைக் காட்டி 3.5% கார்டை நியாயப்படுத்துகிறவர்கள், பாயின்ட்டின் ரூபாய் மதிப்பு 4.13 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கட்டும். பெரும்பாலான கார்டுகளில் தாண்டாது.

கிளம்பும் முன் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால், ரீஃபண்ட் பதிவாகும் நாளின் ரேட்டில்தான் பணம் வரும். மார்க்கப்பைப் பல வங்கிகள் திருப்புவதில்லை. அதனால் அளவு பொருந்துமா என்ற சந்தேகத்தில் இரண்டு சைஸ் வாங்கி ஒன்றைத் திருப்பும் பழக்கம் வெளிநாட்டில் வேண்டாம்.