ரெட்டிக்யூல் என்றால் என்ன?

பழைய ஆங்கில நாவல்களில் பெண்கள் கையில் மாட்டிக்கொண்டு போகும் ‘ரெட்டிக்யூல்’ என்பது என்ன என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்குப்பைதான். அதற்கு முன் ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்குள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டுப் பிளவு வழியாகக் கைவிட்டு எடுத்தார்கள். 1790களில் மெல்லிய மஸ்லின் கவுன்கள் வந்தன. உள்ளே எதை வைத்தாலும் துருத்தித் தெரிந்தது. பை கைக்கு வந்துவிட்டது. ‘ரிடிக்யூல்’, அதாவது கேலிக்கூத்து, என்றும் அதை அழைத்தார்கள்.

வேர் லத்தீன். ‘ரேட்டே’ வலை, ‘ரெடிகுலும்’ சிறுவலை. வலைப்பைக்கும் ரோமானியர் இதையே சொன்னார்கள். சிசிலியை ஆண்ட வெர்ரஸ், ரோஜா நிரப்பிய ரெடிகுலுமை மூக்கருகே பிடித்தபடி பல்லக்கில் போனதை கி.மு. 70இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ எள்ளி எழுதியிருக்கிறார். உயிரணுவுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையும் (எண்டோபிளாஸ்மிக் ரெடிகுலம்), மாட்டின் இரண்டாம் இரைப்பையும் இதே பெயரைத்தான் சுமக்கின்றன.

எனக்குப் பிடித்தது வானத்தில் இருக்கும் ரெடிகுலும். பிரெஞ்சு வானியலாளர் லக்காய், 1751-52இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், அரை அங்குல விட்டமே உள்ள தொலைநோக்கியால் ஏறக்குறைய 10,000 விண்மீன்களின் இடத்தைக் குறித்தார். கண்ணருகு வில்லையின் குவியத்தில் சாய்சதுரச் சட்டம் ஒன்று, அதுதான் ரெடிகுலும். தொலைநோக்கியை ஒரு திசையில் நிறுத்திவிட்டால் போதும், பூமியின் சுழற்சி விண்மீன்களைத் தானே கொண்டுவரும். ஒரு விண்மீன் சாய்சதுரத்தின் ஒரு விளிம்பில் நுழைந்து எதிர்விளிம்பில் வெளியேறும். அந்த இரண்டு கணங்களையும் கடிகாரத்தில் குறிக்க வேண்டும். நடுவில் கடந்தால் நேரம் அதிகம், மேல் அல்லது கீழ் முனைக்கு அருகே கடந்தால் குறைவு. ஆக, கடந்த நேரமே விண்மீன் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று சொல்லிவிடும். இரண்டு கணங்களுக்கும் சரிபாதி, அது நடுக்கோட்டைத் தாண்டிய கணம். அதிலிருந்து கிழக்கு மேற்கு நிலை கிடைக்கும். அளவுகோலே இல்லாமல், ஒரு சட்டமும் ஒரு கடிகாரமும்!

நன்றிக்கடனாக ஒரு விண்மீன் குழுவுக்கே ரெடிகுலும் என்று பெயர் வைத்தார். அவர் வகுத்த 14 குழுக்களில் 13, கருவிகளையும் கலைப்பொருள்களையும் குறிப்பவை. மீதி ஒன்று கேப் டவுனின் டேபிள் மலை. ஒன்றுக்குக்கூடச் சோதிடர்கள் ராசிபலன் எழுதுவதில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஜனவரி மாத முன்னிரவில் தெற்கு நோக்கி நின்று, பளிச்சென்ற அகத்திய நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் கீழே ரெடிகுலும் குழுவைத் தேடுங்கள். சென்னையில் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகை உயரம்தான் ஏறும். தெருவிளக்குகள் இல்லாத இடமாக இருக்க வேண்டும்.