மான்ட்ரியல் பனி, வால்பாறை மழை: டயர் ரப்பர் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

போன ஜனவரியில் ஒரு சாயங்காலம், ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்கார அண்ணன் ஒருவர் பொள்ளாச்சியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். வண்டியைக் காட்ட வரவில்லை, போனைக் காட்ட வந்தார். மகள் மான்ட்ரியலில் வேலை பார்க்கிறது. டிசம்பரில் காருக்குக் குளிர்கால டயர் மாட்டியதிலிருந்து பெட்ரோல் செலவு ஏறிவிட்டதாம். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்த வண்டி இப்போது 10 லிட்டர் குடிக்கிறது.

"ஏனுங் தம்பி, அதைக் கழட்டிப்போட்டுப் பழைய டயரையே மாட்டிக்கச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்கண்ணா" என்றேன். முதலில் சட்டமே விடாது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால டயர் கட்டாயம். சட்டமே இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பனி விழாத ஊரில் கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் வருஷத்துக்கு நாலைந்து பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது கனடாவிலும் ஜெர்மனியிலும் வண்டி ஓட்டுகிறார்கள். அதனால் அன்று அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் அப்படிக் கட்டியாகிவிடாது. ஆனால் குளிரக் குளிர இறுகும். நாம் இங்கே ஓட்டும் சாதாரண டயரின் ரப்பர் வெயிலுக்கென்று கலந்தது. 7 டிகிரிக்குக் கீழே போகப் போக அது விறைத்துப்போய் ரோட்டைப் பிடிக்காமல் வழுக்கும். குளிர்கால டயரின் கலவையே வேறு. சிலிக்கா அதிகம் சேர்த்து, உறையும் குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்கிறார்கள்.

அப்புறம் அதன் பட்டன்களை, அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் வரிசையாக இருக்கும். டயர் தரையில் அழுந்தும்போது அவை விரிந்து, அத்தனை விளிம்புகளும் பனியைக் கடிக்கும். பட்டன்களுக்கு நடுவே உள்ள ஆழமான பள்ளங்களில் பனி போய் இறுகி உட்காரும். பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால் அதுவும் ஒரு பிடிமானம்தான்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று சின்னம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தச் சின்னம். சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எம் பிளஸ் எஸ்' எழுத்து மட்டும் போதாது. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்த எழுத்து மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராகவே ஏற்பதில்லை.

காசை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் மாட்டலாமா என்று சில பேர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிடிக்காமல் சுழற்றி அடிக்கும். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்ற தைரியமும் ஆகாது. பனியில் கிளம்புவதற்கு அது உதவும். நிற்பதற்கு உதவாது.

சரி, மைலேஜுக்கு வருவோம். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் பட்டு நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுதாகத் திரும்பி வருவதில்லை, கொஞ்சம் சூடாகிப் போய்விடுகிறது. இளகிய ரப்பர், உயரமான பட்டன், நிறைய வெட்டு என்றால் நசுங்கலும் அதிகம், இழப்பும் அதிகம். எந்தக் குணம் பனியைப் பிடிக்கிறதோ அதே குணம்தான் பெட்ரோலையும் கொஞ்சம் கேட்கிறது. கணக்கு இப்படி: உருளும்போது டயர் தரும் தடை 10 சதவீதம் கூடினால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் கூடும். தடை 20 சதவீதம் கூடியது என்றே வைத்துக்கொண்டாலும் 8 லிட்டர், 8.3 ஆகும். 10 ஆகாது.

மிச்சம் 1.7 லிட்டரை யார் குடித்தது? பெரும்பாலும் குளிர்தான். 25 டிகிரியில் கிடைக்கும் டவுன் மைலேஜ், மைனஸ் 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க அரசே சொல்லும் கணக்கு. ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிறுத்துகிற வண்டிக்கு 24 சதவீதம் வரைக்கும் போகும். எஞ்சின் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடுகிறது. ஆயில் கெட்டியாக இருக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதைக் கிழித்துக்கொண்டு போகவும் அதிகச் சக்தி வேண்டும். அந்தப் பாப்பாவின் ஆபீஸ் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான்.

காற்றையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். வெப்பம் ஐந்தரை டிகிரி இறங்கினால் டயரில் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். ஹீட்டர் ஓடும் கடைக்குள் 20 டிகிரியில் 33 அடித்து அனுப்பிய டயர், வெளியே மைனஸ் 15-ல் ஒரு ராத்திரி நின்றால் 27-க்கு வந்துவிடும். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே காலை. பாப்பா வேலைக்குப் போகிற வழியில் பங்கில் பார்த்துவிட்டு மெசேஜ் போட்டது: 27. அண்ணன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. கம்மிக் காற்று மைலேஜை மட்டும் தின்னாது, டயரின் ஓரங்களையும் தின்றுவிடும்.

பேச்சுவாக்கில் வெளியே நின்ற அவருடைய காரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் 1415 என்று இருந்தது. 2015-ம் வருஷம் 14-வது வாரம் செய்த டயர். நகத்தால் அழுத்தினேன், பதியவே இல்லை.

"பட்டன் இருக்குதுங்களே தம்பி. முன்னைக்கு இப்பத்தான் மைலேஜும் நல்லாத் தருது."

அவர் சொன்னது பொய் இல்லை. தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு ரப்பரே குறைவு, அதனால் லேசாக உருளும், மைலேஜ் கூடத்தான் செய்யும். அதை நல்ல சேதி என்று நினைத்துக்கொள்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து வருஷ வெயிலில் இறுகிப்போன ரப்பர், மான்ட்ரியல் குளிரில் விறைத்த சாதாரண டயர் மாதிரியேதான். அங்கே குளிர் செய்வதை இங்கே வயசு செய்துவிடுகிறது. இந்த டயரோடு அவர் மாதம் இரண்டு தடவை வால்பாறை போகிறார்.

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஆனி, ஆடியில் அந்த ரோடு காய்வதே அபூர்வம். பாசி, உதிர்ந்த இலை, மூடுபனி எல்லாம் சேர்ந்திருக்கும். தண்ணீரை ஒதுக்கிவிடப் பள்ளம் வேண்டும், கல்லின் சொரசொரப்பில் பதிய இளக்கம் வேண்டும். இரண்டும் இல்லாத டயர் தண்ணீரின் மேலேயே போகும். ஒரு ஜூன் மாதம், இறக்கத்தில் தடுப்புச் சுவரில் மோதிய காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றார் ஓட்டியவர். கழற்றிப் பார்த்தால் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்த வேண்டியது டயர். அந்தக் காரின் டயரிலும் என் நகம் பதியவில்லை. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை.

டயரின் பள்ளம் தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் ஆழம் ஆகும் வரை ஓட்டலாம் என்கிறது சட்டம். மலைப்பாதையில் மழையில் போகிறவர்களிடம் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுங்கள் என்பேன். மைலேஜ் வேண்டுமென்று 33 அடிக்க வேண்டிய இடத்தில் 40 அடிக்கிறார்கள். அதையும் நிறுத்துங்கள், தரையில் படும் பரப்பு குறைந்து ஈரத்தில் பிடிமானம் போகும். மைலேஜைத் தேட வேறு இடம் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் காலையில் காற்று பார்ப்பது, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்ப்பது, டிக்கியில் கிடக்கும் வேண்டாத சுமையை இறக்குவது.

ஊட்டி உறைபனிக்குக் குளிர்கால டயர் போடலாமா என்றும் கேட்கிறார்கள். தேவையில்லை. அது விடியலில் புல்மேல் படிந்து வெயில் வந்தால் போய்விடுவது. நம் ஊர்ச் சூட்டில் அந்த டயர் கரைந்து தேயும், பிரேக் அடித்தால் நிற்கும் தூரமும் கூடும். குளிர்காலத்தில் குல்மார்க், மணாலி என்று சொந்தக் காரில் போகிறவர்கள் சக்கரத்துக்குச் சங்கிலி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் அன்றைக்கு மாற்றவில்லை. "சித்திரை போகட்டுமுங் தம்பி" என்று கிளம்பிவிட்டார். நானும் விடவில்லை, இரண்டு தடவை போன் செய்தேன். வைகாசியில் வந்து நான்கும் மாற்றினார். அடுத்த மாதமே போன்: "மைலேஜ் 17 இருந்தது 16 ஆயிருச்சுங்களே."

"ஆகுமுங்கண்ணா. ஓட ஓடக் கொஞ்சம் ஏறும். மழையில எப்படி இருக்குது?"

"வளைவுல முன்ன மாதிரி இழுக்கறதில்லீங்."

அவர் கழற்றிப் போட்ட டயர்களில் ஒன்று இன்னும் கடைவாசலில் கிடக்கிறது. பட்டன் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், முதலில் அதை நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன்.