படத்தை யாரிடம் காட்டுகிறீர்கள்?

புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் எனக்குப் படம் அனுப்பும்போது கூடவே வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எப்படி இருக்குண்ணா?" குன்னூரில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணப் படமும் எஸ்டேட் படமும் எடுத்துப் பிழைக்கிறவன் நான். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், கற்றுக்கொள்ள வருகிறவர்களின் படங்களை உட்கார்ந்து பார்ப்பேன். "எப்படி இருக்கு" என்ற கேள்விக்கு என்னாலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லலாம், அதற்கு மேல் எதுவும் வராது. குடும்பக் குழுவில் போட்டால் "சூப்பர்", "செம", "நீ எங்கேயோ போயிட்டே" என்று வரும். அந்த அன்பு உண்மையானது, வேண்டியதும்கூட. ஆனால் அதை வைத்து அடுத்த படத்தைத் திருத்த வழியில்லை. ஆர்வத்தோடு ஆரம்பித்த எத்தனையோ பேர், பாராட்டு மட்டுமே கேட்டுக் கேட்டு, ஒரே மாதிரிப் படத்தை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். திறமை இருந்தும் அங்கேயே நின்றுவிடுகிறார்களே என்று மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

படம் காட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எதுவும் சொல்லாமல் படத்தை நீட்டுங்கள். "இது தொட்டபெட்டாவில காலையில அஞ்சு மணிக்கு எழுந்து போய் எடுத்தது" என்று ஆரம்பித்துவிட்டால், பார்ப்பவர் உங்கள் சிரமத்துக்கு மார்க் போடத் தொடங்கிவிடுவார். சும்மா காட்டி, "முதல்ல கண்ணு எங்கே போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எடுத்தது ஆளை, அவர் கண் போனது ஓரத்தில் தொங்கும் மின்கம்பிக்கு என்றால், பாதி விமர்சனம் அப்போதே கிடைத்துவிட்டது. அதன் பிறகு, எதை நினைத்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். நினைத்ததற்கும் வந்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கொண்டுவந்த படத்தைச் சொல்கிறேன். நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி ஏறி வரும். தேயிலைச் சரிவு, நடுவே மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு அக்கா, சுற்றிலும் பனி. "எப்படி இருக்கு சார்?" என்றுதான் அவளும் கேட்டாள். "அங்கே நின்னப்போ நீ என்ன பார்த்தே?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாமே வெள்ளையா இருந்துச்சு சார். அந்த மஞ்சள் மட்டும் தெரிஞ்சுது. படத்துல பனி அழுக்கா இருக்கு" என்றாள். இப்போது அது பதில் சொல்லக்கூடிய கேள்வி ஆகிவிட்டது.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதிரே இருப்பது பனியா, கரிமூட்டையா என்று தெரியாது. வரும் வெளிச்சத்தை நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ப அளவு போடும். படம் முழுக்க வெண்பனி என்றால் அத்தனையையும் இழுத்துச் சாம்பலுக்குக் கொண்டுவந்துவிடும். அவள் படத்தின் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். வரைபடம் முழுக்க நடுவில் குவிந்து கிடந்தது, வலப்பக்கம் காலி. மீட்டர் போட்ட வெளிச்ச அளவை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-க்குத் தள்ளியிருந்தால் அந்தக் குவியல் வலப்பக்கம் நகர்ந்து பனி வெள்ளையாகியிருக்கும், மஞ்சளும் எழுந்து நின்றிருக்கும். "கேமரா ஸ்க்ரீன்ல வெளிச்சமாத்தான் தெரிஞ்சுது சார்" என்றாள். இருட்டிய பனியில் நின்று பார்த்தால் அந்தத் திரை பிரகாசமாகத்தான் தெரியும். அதனால்தான் மலையில் எடுப்பவர்கள் திரையை நம்பாமல் வரைபடத்தைப் பார்க்கப் பழக வேண்டும். அடுத்த வாரம் அதே சரிவுக்குப் போய் +0.7, +1, +1.3 என்று மூன்றும் எடுத்து வந்து, எது தான் பார்த்த வெள்ளை என்று அவளே சொன்னாள்.

கேமரா தெரிந்தவர்கள் சொல்லித்தரக்கூடியது இவ்வளவு. வெளிச்சம், ஃபோகஸ், ஓரத்தில் நுழைந்த தேவையில்லாத கிளை, சரிவை நம்பிச் சாய்ந்துபோன சட்டகம் இவையெல்லாம் எங்கள் கண்ணில் உடனே படும். (மலையில் தொடுவானத்தை வைத்து நேர் பார்க்காதீர்கள். சில்வர் ஓக் மரத்தண்டையோ வீட்டுச் சுவரையோ வைத்துப் பாருங்கள்.) ஆனால் எங்களுக்குத் தெரியாத பெரிய பகுதி ஒன்று இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் விஷயத்தைத் தெரிந்தவர்களிடம் படத்தைக் காட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

தேயிலைத் தோட்டத்தில் கூடையோடு ஒரு பெண் நிற்கும் படத்தை ஒரு தம்பி எடுத்திருந்தான். நின்றது அவன் சொந்தக்காரப் பெண், கூடை எங்கிருந்தோ வாங்கியது. வெளிச்சம் அருமை, சட்டகம் அருமை. நானே பாராட்டினேன். ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒரு தோட்டத்துப் பாட்டியிடம் அதைக் காட்டச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "கண்ணு, இந்தப் பிள்ளை முத்தின இலையைப் புடிச்சிருக்கு. கொழுந்துன்னா ரெண்டு இலை, ஒரு மொட்டு. கூடையை இடுப்புல வச்சா ஒரு கைதானே மிச்சம்? தலையில கயிறு மாட்டி முதுகுல தொங்கவிட்டாத்தான் ரெண்டு கையும் ஓடும். இப்ப யாரு கூடை வச்சிருக்கா? கத்தரியில வெட்டிப் பையிலல்ல போடறோம்." அவன் அசந்துபோனான். பிறகு அந்தப் பாட்டியின் தெருவிலேயே ஒரு சிறு தோட்டத்தில் அனுமதி கேட்டு, கத்தரி ஓடுவதை எடுத்தான். 1/60 நொடியில் கத்தரியும் பறக்கும் இலையும் கலங்கி, முகம் மட்டும் நிலையாக நின்ற ஒரு படம் வந்தது. கூடைப் படத்தை அதன் பிறகு அவன் யாருக்கும் காட்டவில்லை.

இன்னொன்று. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் பூத்தையலை எடுக்க ஆசைப்படாத புகைப்படக்காரர் நீலகிரியில் இருக்க மாட்டார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணி எண்ணிப் போடும் வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என்னிடம் பழகும் ஒருவர் அனுமதி வாங்கி ஒரு போர்வையை எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு போய், அதைத் தைத்த அம்மாவிடமே காட்டினார். "சிவப்புல நூலே தெரியலையே, பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றாராம் அந்த அம்மா. இதைவிடத் துல்லியமான தொழில்நுட்ப விமர்சனத்தை எந்தப் பயிலரங்கிலும் நான் கேட்டதில்லை. அடர் சிவப்பில் இதுதான் ஆபத்து. சாதாரண ஹிஸ்டோகிராமில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு சேனல் மட்டும் வலது சுவரில் போய் முட்டியிருக்கும். முட்டிய இடத்தில் இழைக்கும் இழைக்கும் வித்தியாசம் அழிந்துவிடும். ஜேபெக்கில் அதை மீட்கவும் வழியில்லை. வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் (அதாவது -0.7) குறைத்து, சன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுத்தபோது ஒவ்வொரு தையலுக்கும் நிழல் விழுந்தது.

அனுமதியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோடர் மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்குப் போய் வீட்டையும் கோயிலையும் ஆட்களையும் கேட்காமல் எடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டு எடுத்தால்தான் அந்தப் படத்தை அவர்களிடமே கொண்டுபோய்க் காட்ட முடியும். காட்டத் தயங்கும் படம் என்றால், எடுத்த விதத்தில் ஏதோ சரியில்லை.

இந்த மலைக்குப் புகைப்படத்தோடு இன்னொரு உறவும் உண்டு. 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டியில் இருந்தது. 'இந்து' பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்துதான் போயின. அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர் என் கடைக்கு அவ்வப்போது வருவார். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அவர் முதலில் பார்ப்பது இருட்டான மூலையைத்தான். "இந்தக் கறுப்புக்குள்ள ஏதாவது இருக்கா, இல்ல சும்மா கறுப்பா?" என்பார். சோலைக்காட்டை எடுக்கிறவர்கள் தினமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. உங்கள் ஊரிலும் அப்படி யாராவது இருப்பார்கள். தேடிப் போய்க் காட்டுங்கள்.

அடுத்து, பாராட்டே ஆபத்தாகும் இடம். முதுமலைப் பக்கம் சாலையில் எடுத்த ஒரு யானைப் படத்துக்கு அத்தனை பேர் "மாஸ்" என்று எழுதியிருந்தார்கள். காது அகல விரிந்து, தலை உயர்ந்து, நேராகக் கேமராவைப் பார்க்கும் யானை. அதே படத்தைப் பார்த்த ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர், "இது நம்மளைப் போன்னு சொல்லுது. எடுத்தவர் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கார்" என்றார். படத்தில் அழகாக எல்லோரும் கண்டது, அந்த விலங்கின் பயமும் கோபமும். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தவே கூடாது. சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விருப்பக்குறி எண்ணிக்கையைப் பார்த்து, அடுத்த முறை இன்னும் பத்தடி கிட்டே போகிற பையன்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களுக்குள் வரும் காட்டுமாடு விஷயத்திலும் இதே கதைதான். காட்டுயிர் படம் எடுத்தால், "இந்த விலங்கு நிம்மதியா இருக்கா?" என்று காடு தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். பறவைக் கூட்டுப் படங்களை நான் பார்ப்பதே இல்லை. எத்தனை நன்றாக வந்திருந்தாலும் கருத்துச் சொல்ல மாட்டேன். கிட்டே போய் எடுப்பதால் மிரண்டு தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விட்டால் அந்தக் குஞ்சுகள் பிழைக்காது.

"லொகேஷன் ப்ளீஸ்" என்று கேட்கிறவர்களுக்கும் யோசித்துப் பதில் சொல்லுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கொடைக்கானல் பக்கம் பூத்த 2018-இல் கூட்டம் எப்படி வந்தது என்று கொடைக்கானல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாலுகா பெயர் போதும், சரிவின் பெயர் வேண்டாம். படக் கோப்புக்குள்ளேயே ஜிபிஎஸ் விவரம் பதிவாகியிருக்கலாம், அதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

அனுப்புவது பற்றிச் சுருக்கமாக: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அதைப் பார்த்து ஃபோகஸ் சரியா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போதுதான் அந்த ஜிபிஎஸ்ஸும் கூடவே போகும். அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமித்த படம் பல திரைகளில் வெளிறித் தெரியும், பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐம்பது படம் அனுப்பாதீர்கள், ஐந்து போதும். அந்த ஐந்தில் சரியாக வராத இரண்டையும், வெட்டாத மூலப் படத்தையும் சேருங்கள். நன்றாக வந்ததை மட்டும் காட்டுகிறவருக்கு நான் எதைச் சொல்லித்தருவது?

கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணாகத்தான் வரும். ஒருவர் முகம் கிட்டே வேண்டும் என்பார், இன்னொருவர் இடம் தெரிய வேண்டும் என்பார். இரண்டையும் எடுத்துப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் மட்டும் வாதாடாமல் அந்த இடத்தைத் திருத்துங்கள். காரணம் சொல்லாமல் "இதெல்லாம் ஒரு படமா" என்கிறவரிடம், "எந்த இடம் சரியில்லைண்ணா?" என்று பணிவாக ஒருமுறை கேளுங்கள். சொன்னால் எடுத்துக்கொள்ளலாம், சொல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம்.

கடைசியாக, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி போனை நீட்டினால், முகூர்த்த நாள் அவசரத்தில் "டெலிட் பண்ணிடு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஞாயிறு மத்தியானம் வரச் சொல்லுங்கள். நன்றாக வந்த ஒரு இடத்தையும் தவறிய ஒரு இடத்தையும் விரல் வைத்துக் காட்டுங்கள். எந்தத் தோட்டத்தில் எடுத்த படம் என்று கேட்டு, அந்தத் தோட்டத்து ஆட்களிடம் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்புங்கள்.