"அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்

அரசு வேலை எடுத்துச் செய்தேன், பில் நிற்கிறது என்று வருகிற காண்ட்ராக்டர்களிடம் நான் முதலில் கேட்பது, வேலை முடிந்து எத்தனை வருசம் ஆச்சுங்க என்பதுதான். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறார்கள்.

செய்த வேலைக்குப் பணம் கேட்டு வழக்குக்கோ மத்தியஸ்தத்துக்கோ (கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேஷன்) போக, காலவரம்புச் சட்டம் தருவது 3 ஆண்டு. டிவிஷன் ஆபீசுக்கு நீங்கள் நடந்த நடை, இ.இ. (செயற்பொறியாளர்) மாற்றலாகிப் புது ஆள் வந்து ஃபைலைப் புரட்டும் வரை காத்துக்கிடந்தது, மாதம் ஒன்றாக எழுதிய நினைவூட்டல் கடிதம், எதுவும் அந்த 3 ஆண்டை நிறுத்தாது. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலை நம்பியும் உட்கார முடியாது. பாக்கி இருக்கிறது என்று அவர்களே கெடுவுக்குள் ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் புதுக் கணக்கு தொடங்கும். அப்படி எழுதித் தந்த ஆபீசை நான் பார்த்ததில்லை.

காங்கேயம் பக்கம் தெரிந்தவர் ஒருவர் சுற்றுச்சுவருக்குக் கடக்கால் எடுத்தார், மூன்றடியில் பாறை. நம்ம ஊரில் அது அதிசயமா? எஸ்டிமேட் போட்டவருக்கு மட்டும்தான் அதிசயம், அதில் சாதா மண் என்று இருந்தது. "வெட்டுங்க, எக்ஸ்ட்ரா ஐட்டத்துல சேத்துக்கலாம்" என்று ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்) வாயால் சொன்னார். கம்ப்ரசர் வைத்து உடைத்தார், வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தார், பைனல் பில்லில் பாறை என்ற சொல்லே இல்லை. டெபாசிட்டாவது வரட்டும் என்று "வேறு பாக்கி ஏதுமில்லை" என்ற தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று நீதிமன்றத்தில் சொல்லலாம்தான், ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

அதனால் வாயால் சொன்னதை அன்று சாயந்திரமே கடிதமாக்கி, போட்டோவோடு தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்ட். கூடுதல் வேலையை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பல அக்ரிமெண்ட்டில் கெடு உண்டு, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். பைனல் பில்லில் "ஆட்சேபத்துடன்" என்று எழுதிப் போடப் பாருங்கள். விடமாட்டார்கள். போட்ட அன்றே ஆட்சேபக் கடிதம் அனுப்பிவிடுங்கள்.

அடுத்த பொறி மத்தியஸ்தர். தகராறு வந்தால் துறையின் எஸ்.இ.தான் (கண்காணிப்புப் பொறியாளர்) மத்தியஸ்தர் என்று பல அக்ரிமெண்ட்டில் இருக்கும், அதாவது பில்லை நிறுத்திய துறையே தீர்ப்பும் சொல்லும். மத்தியஸ்தச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, தகராறில் உள்ள தரப்பின் ஊழியர் மத்தியஸ்தராக முடியாது. ஆனால் தகராறு வந்தபின் "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் செல்லும்! அந்தக் கடிதத்தைத்தான் நைசாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மத்தியஸ்தம் கோரி நோட்டீஸ் விடுங்கள், அந்த 3 ஆண்டுக்கு அது அவர்கள் கைக்குச் சேர்ந்த நாள்தான் கணக்கு. மத்தியஸ்தரை நியமிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் மனு. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என்றால் பெரும்பாலும் சென்னை, கரூர் என்றால் மதுரைக் கிளை. மத்தியஸ்தப் பிரிவே இல்லாவிட்டால் வழக்குதான். அரசு மீது போட 2 மாத முன்னறிவிப்பு வேண்டும், கட்டுமானத் தகராறு 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், அவசர உத்தரவு கேட்காத பட்சத்தில், சமரசத்துக்கும் (மீடியேஷன்) முதலில் போயாக வேண்டும்.

உத்யம் பதிவு (சிறுதொழில் பதிவு) இருக்கே, பாக்கித் தகராறைத் தீர்க்க கோவையில் இருக்கிற சிறுதொழில் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாமே என்று ஆடிட்டர் சொல்வார். 45 நாளுக்கு மேல் போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி, உத்தரவை எதிர்த்துப் போகத் துறை அதில் சொன்ன தொகையில் 75% கட்ட வேண்டும், எல்லாம் உண்மை. பைப், மோட்டார், சீருடை என்று பொருள் சப்ளை செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு இது நல்ல வழி. கட்டட வேலை, ரோடு வேலைக்குப் பொருந்தாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வேலை முடிந்தபின் அவசரமாக எடுத்த பதிவும் பழைய பாக்கிக்கு உதவாமல் போகலாம். கவுன்சிலில் ஒன்றரை வருசம் உட்கார்ந்துவிட்டு இது எங்கள் வரம்பில் இல்லை என்ற பதிலோடு திரும்பினால், அந்த 3 ஆண்டில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

செய்த வேலையை அளந்து எழுதும் எம்-புக் (அளவுப் புத்தகம்) நகலை இன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். தகராறு முற்றினபிறகு அந்தப் புத்தகம் எந்த மேசையில் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.